வாயிற்காவலும் இலக்கப் பேரேடும்

விடுதிச்சாலையில் தங்கிப் படித்த பழைய மாணவர்கள் இருவரை எளிதில் மறந்திருக்கமாட்டார்கள். ஒருவர் படலையிற் காவலிருப்பவர். பொழுதுபட்டபின் வருவோரை நிறுத்தி, யார், எவ்விடத்தார், யாரிடம் வந்தார் என வினாவித் தெளிந்த பின்னரே உள்ளே விடுபவர் அவர். மற்றவர் இன்ன மாணவனுக்கு இன்ன கட்டில் எனப் பேரேட்டிற் பதிந்து இடங் கொடுக்கும் விடுதி மேற்பார்வையாளர். இவ்விருவர் அலுவலையும் ஒருவரே ஏற்று நடத்துவாராயின் யாது நிகழும்? ஒரு சம்பளம் மீதியாகும் என்பது உண்மை. ஆயின், படலையில் நிற்கும்போது பேரேட்டை யார் பார்ப்பார், பேரேட்டைப் பார்க்கும்போது படலையில் யார் நிற்பார் என்னும் ஐயங்களும் உடன் எழும்.

கணினி வலையமைப்பிலும் இதே வினா உண்டு. வெளியிலிருந்து வருவோரை ஆராய்ந்து உள்ளே விடும் பணி தொலை அணுகல் எனப்படும். உள்ளிருக்கும் கணினிகளுக்கு இலக்கம் பகிர்ந்தளிக்கும் பணி முகவரி வழங்கல் எனப்படும். இரண்டையும் ஒரே சேவையகத்தில் நடத்தலாமா, நடத்துவதாயின் எவற்றைக் கவனித்தல் வேண்டும் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகும் பொருள். தமிழாசிரியருக்கு இதில் என்ன அலுவல் என வினாவுவோர்க்கு விடை சுருக்கமானது: ஆளணி குறைந்த பாடசாலையில் கணினிக் கூடத்தின் திறப்பு யார் கையிற் சேர்கின்றதோ அவரே அதற்கு ஆசிரியர்.

முதற்கண் இலக்கத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். இன்றும் பெரிதும் வழங்கும் நான்காம் பதிப்பு இணைய நெறிமுறை 1981ஆம் ஆண்டு செப்ரெம்பரில் வரையப்பட்டது. அதன்படி ஒரு முகவரி முப்பத்திரண்டு இரும இலக்கங்களால் ஆனது. எழுதும்போது அதனை நான்கு எண்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை அமைய, 10.20.30.5 என்றாற்போல எழுதுவர். இவ்வாறு அமையக்கூடிய முகவரிகள் 429 கோடிக்குச் சற்று மேலாகும். அன்று அது வற்றாத கேணிபோலத் தோன்றியது. 2011 பெப்ரவரி 3ஆந் திகதி உலகப் பொதுக் களஞ்சியத்தில் எஞ்சியிருந்த இறுதித் தொகுதிகளும் வட்டார நிலையங்களுக்குப் பகிரப்பட்டுக் களஞ்சியம் வெறுமையாயிற்று. ஆயினும், வீட்டினுள் வழங்கும் செல்லப்பெயர் ஊருக்குத் தெரியவேண்டுவதில்லை அன்றோ? அதுபோல, நிறுவனங்களின் உள்ளே மாத்திரம் வழங்குதற்கென மூன்று தொகுதிகள் 1996இல் வரையறுக்கப்பட்டன. 10இல் தொடங்குவன ஒன்று, 172.16 முதல் 172.31 வரையுள்ளன மற்றொன்று, 192.168இல் தொடங்குவன மூன்றாவது. எந்தப் பாடசாலையும் எவரையும் கேளாது இவற்றை எடுத்தாளலாம்.

இவ்விலக்கங்களைக் கணினிதோறுஞ் சென்று கையாற் பதிதல் பெருந்தொல்லை. முப்பது கணினிகளுள் இரண்டிற்கு ஒரே இலக்கம் விழுந்துவிட்டால் இரண்டும் இடர்ப்படும். தொல்லையைத் தீர்க்கும் முயற்சியாக 1984இல் ரார்ப், 1985இல் பூட்பீ என்னும் நெறிமுறைகள் தோன்றின. அவற்றின் வழிவந்ததே 1993 ஒக்டோபரில் வெளியான டீ.எச்.சீ.பீ. என்பது. அதனை வரைந்தவர் அமெரிக்காவிலுள்ள பக்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரால்ப் துரோம்ஸ். 1997 மார்ச்சில் திருத்தப்பெற்ற வடிவமே இன்றைய வழக்கிற்கு அடிப்படை.

அதன் நடை ஒரு சிறு நாடகம் போன்றது. புதிதாகக் கண்விழித்த கணினிக்குத் தன் இலக்கமுந் தெரியாது; தன்னைச் சூழ்ந்தாரையுந் தெரியாது. எனவே, 0.0.0.0 என்னும் வெற்றிலக்கத்தைத் தன்னதாகக் கொண்டு, 'எனக்கு இலக்கம் தருவார் உளரோ?' என வலையமைப்பு முழுவதுங் கேட்கக் கூவும். சேவையகம் 'இதனைக் கொள்க' என ஓர் இலக்கத்தை நீட்டும். கணினி 'அதனையே வேண்டுகின்றேன்' என்னும். சேவையகம் 'தந்தோம்' என்று கூறிப் பேரேட்டிற் பதியும். இவ்வுரையாடலிற் சேவையகம் செவிகொடுத்து நிற்பது 67ஆம் துறையில். கணினி நிற்பது 68ஆம் துறையில். 67 என்னும் எண்ணை வாசகர் நினைவில் இருத்துதல் நன்று. பின்னர் வரும் பிணக்கொன்றிற்கு வேர் அதுவே.

கொடுக்கப்பட்ட இலக்கம் அறுதியன்று, குத்தகையே. (அறுதி, ஒற்றி, குத்தகை என்பவற்றின் வேறுபாட்டை எம்மவர்க்கு யாம் விளக்கவேண்டுவதில்லை.) விண்டோஸ் சேவையகங்களில் இக்குத்தகை வழக்கமாக எட்டு நாள். நான்கு நாள் கழிந்ததும் கணினி தனக்குத் தந்த சேவையகத்திடமே புதுப்பிக்கக் கேட்கும். விடை கிடையாவிடின், ஏழாம் நாள் முடிவில், எந்தச் சேவையகமாயினும் தருக எனப் பொதுவாகக் கூவும். இனி, யூபிலி விழா நாளை எண்ணிப் பாருங்கள். இருநூறு பழைய மாணவர்கள் வந்து, கைத்தொலைபேசிகளைக் கல்லூரியின் வைபையில் இணைத்துப் படமெடுத்து அனுப்பிவிட்டு, மாலையிற் கொழும்புக்கோ இலண்டனுக்கோ புறப்பட்டுவிடுவர். அவர்கள் போனபின்னும் அவர்களுக்கென எழுதப்பட்ட இருநூறு குத்தகைகள் அடுத்த வாரம் வரை பேரேட்டிற் கிடக்கும். திங்கட்கிழமை வகுப்புக்கு வரும் மாணவனின் கணினிக்கு இடமில்லை. விருந்தினர் மிகும் இடத்திற் குத்தகையைச் சில மணி நேரமாகக் குறுக்குதல் வேண்டும். அன்றேல், விருந்தினர்க்கெனத் தனித் தொகுதி ஒதுக்குதல் வேண்டும்.

இது பேரேட்டின் இயல்பு. வாயிற்காவலின் இயல்பு வேறு. முன்னாளிற் தொலைபேசிக் கம்பி வழியே மோடங் கொண்டு அழைப்போரை உள்ளே விடுதற்கு அமைந்த பணியே இன்று இணையத்தின் ஊடாக மறைகுறியிட்ட சுரங்கம் அமைத்து, வீ.பீ.என். என்னும் பெயரோடு நடைபெறுகின்றது. மைக்ரோசொப்ட் நிறுவனம் 1997இல் என்.ரீ. 4.0 என்னும் இயக்கத்தொகுதிக்கு வெளியிட்ட ஆர்.ஆர்.ஏ.எஸ். என்னும் சேவை அதன் பின்வந்த சேவையகப் பதிப்புகளிலுந் தொடர்ந்து வருகின்றது. யாம் பழகியது அதனோடே. ஆதலின் கீழே கூறுவனவும் பெரும்பாலும் அதனைப் பற்றியனவே.

வீட்டிலிருக்கும் ஆசிரியரின் கணினி வாயிலை அடைந்து, பெயருங் கடவுச்சொல்லுங் கூறித் தேறியபின், அதற்கும் உள்ளக இலக்கம் ஒன்று வேண்டும். ஆயின் அது பேரேட்டை நோக்கி நேரே கூவுவதில்லை. பீ.பீ.பீ. என்னும் நெறிமுறையைத் தழுவிய இணைப்புகளில், 'எனது இலக்கம் 0.0.0.0' என்று அது வாயிற்காவலிடம் கூறும். காவல் 'அன்று, இதுவே உனது இலக்கம்' என மறுத்துரைக்கும். மறுப்பே கொடையாகும் இம்முறை எமக்கு மிகவும் பிடித்தது.

காவல் கொடுக்கும் அவ்விலக்கம் எங்கிருந்து வருகின்றது? இரு வழிகள் உள. காவலிடமே தனி வரிசை ஒன்றை எழுதிவைத்தல் ஒரு வழி. டீ.எச்.சீ.பீ. பேரேட்டிலிருந்து காவல் தானே முற்கூட்டி வாங்கி வைத்துக்கொள்ளல் மற்றொரு வழி. பின்னதிற் கவனிக்கத்தக்க வழக்கமொன்று உண்டு. காவல் ஒவ்வொன்றாக வாங்குவதில்லை. பத்துப் பத்தாக வாங்கும். வாங்கிய பத்தில் முதலாவதைத் தனக்கே எடுத்துக்கொள்ளும். எஞ்சிய ஒன்பதே வருவோர்க்கு. பத்தாவது ஆள் வந்துவிட்டால் இன்னொரு பத்தை வாங்கும். ஆகவே, பத்துப் பேர் ஒரே வேளையில் வந்தாற் பேரேட்டில் இருபது இலக்கங்கள் குறையும். நூறு இலக்கங்களுள்ள பேரேட்டிலிருந்து தொண்ணூறு கருவிகள் முன்னரே பெற்றிருப்பின், ஒருவர் வந்தாலும் பேரேடு வெறுமையாம். யூபிலி நாளின் மறுதினம் பத்தும் கிடையா.

இலக்கம் கிடையாதபோது காவல் வாயிலை அடைத்துவிடுவதில்லை என்பதே வியப்பு. 169.254 எனத் தொடங்கும், தானே கற்பித்துக்கொள்ளும் இலக்கங்களை எடுத்து வருவோர்க்குக் கொடுத்துவிடும். வந்தவர் 'இணைந்தது' என்னுஞ் செய்தியைக் காண்பார். உள்ளே ஒரு கோப்பையுங் காணார். படலையைத் திறந்து அழைத்தவனை முற்றத்திலேயே நிறுத்திவைத்தது போலாம். எனவே, இணைப்பு உண்டு, ஒன்றும் வருகுதில்லை என்று வெளியூர் ஆசிரியர் எவரேனும் முறையிட்டால், முதற்கண் அவரது இலக்கம் எவ்வாறு தொடங்குகின்றது எனக் கேட்டல் வேண்டும். இரு பணிகளும் ஒரே பெட்டியில் உள்ளபோது இந்நிலைக்கு மற்றுமொரு காரணம் அமையலாம். மின்சாரம் போய் வந்தபின் சேவையகம் எழும்போது, காவல் முந்தி விழித்துப் பேரேடு பிந்தி விழிக்குமாயின், கேட்ட கேள்விக்கு விடையிறுப்பார் இலர். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்த காலத்தை நினைவுகூர்வோர்க்கு, சேவையகம் நாள்தோறும் விழுந்தெழுதல் புதுமையன்று. பேரேடு எழுந்தபின் காவற் சேவையை மாத்திரம் நிறுத்தித் தொடக்கிவிட்டாற் போதும்.

இனி 67ஆம் துறைப் பிணக்கு. தொலை அணுகற் சேவையில் அஞ்சல் முகவர் என்னும் ஓர் உறுப்பு உண்டு. பேரேடு வேறொரு சேவையகத்தில் உள்ளபோது, இங்கெழுங் கூவலைக் கேட்டு அங்கே கொண்டுசெல்வது அதன் கடன். கேட்பதற்கு அதுவும் 67ஆம் துறையிலேயே நிற்றல் வேண்டும். பேரேடும் அதே பெட்டியில் இருப்பின், ஒரு துறையில் இரு படகுகள் மோதும். ஆதலின் இரண்டையும் ஒரே சேவையகத்தில் வைத்தல் ஆகாது. உள்ளக இலக்கங்களை வெளியுலகுக்கு மாற்றியுரைக்கும் நாட் என்னும் உறுப்பும் தானே இலக்கம் வழங்கும் ஆற்றல் உடையது. அதனையும் அணைத்துவைத்தல் வேண்டும். ஒன்றுக்குதவுமென எல்லாப் பெட்டிகளுக்குஞ் சரி அடையாளமிட்டுச் செல்வோர் இவ்விடத்திலேதான் அகப்படுவர். அஞ்சல் முகவர் இல்லாதபோது, வெளியிலிருந்து வருவோர் பெயர்ச் சேவையின் முகவரியைச் சேவையகத்தின் உள்முக அட்டையிற் பதிந்துள்ளபடியே பெறுவர். அப்பதிவு பிழையாயின் அவர்கள் பெறுவதும் பிழையே.

இவற்றையெல்லாம் யாம் நூலறிவாக மாத்திரம் அறிந்திருந்த காலத்தில் எமக்கு நேர்ந்த இடர் வேறொன்று. முன்னர் யாம் பணியாற்றிய பாடசாலை ஒன்றில் 2020ஆம் ஆண்டு அது நிகழ்ந்தது. அவ்வாண்டு மார்ச் 13ஆந் திகதி முதல் நாட்டின் பாடசாலைகள் யாவும் தொற்றுநோய் காரணமாக மூடப்பட்டன. ஒரு வாரத்தில் ஊரடங்கும் வந்தது. தவணைப் புள்ளிகள் முழுவதும் அலுவலக அறையிற் பூட்டிக் கிடந்த சேவையகத்தில். ஆசிரியர் யாவரும் தத்தம் வீடுகளில். மூன்று மாதத்திற்கு மேலாக ஒருவராலும் ஒரு புள்ளியைப் பார்க்க இயலவில்லை. ஆதலின், யூலையில் மாணவர் மீண்டபோது, மறுபடி மூடினாலும் புள்ளிகள் அகப்படாதிருத்தலாகாது எனக் கருதி, அதே சேவையகத்திலேயே தொலை அணுகலையும் நிறுவினோம். வேறு இயந்திரம் இல்லை. பேரேடும் பெயர்ச் சேவையும் கோப்புக் களஞ்சியமும் அதுவே. அன்று முதற் படலையும் அதுவேயாயிற்று.

முதல் நாள் மாலை விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் வீட்டிலிருந்து இணைந்து நள்ளிரவு வரை புள்ளிகள் பதிந்தார். யாம் பெருமையோடு நித்திரை கொண்டோம். மறுநாட் காலை கணினிக் கூடத்திற் பல கணினிகள் களஞ்சியத்தைத் திறக்க மறுத்தன. சில நெடுநேரம் காத்திருந்து வெறுங் கையோடு நின்றன. அன்றுதான் பதிவின் இறுதி நாள். கம்பியை மாற்றினோம், ஆளியை மாற்றினோம், குற்றமற்ற கணினிகள் இரண்டைக் கழற்றியும் பார்த்தோம். நண்பகலளவில், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் அருகில் வந்து மெல்லச் சொன்னான்: "பேரைக் குடுத்தாத் திறக்குதில்லை, சேர். நம்பரைக் குடுத்தாத் திறக்குது."

நோயின் பெயர் அவ்வொரு வாக்கியத்தில் அடங்கியிருந்தது. வாங்கிய பத்தில் முதலாவதைக் காவல் தனக்கே எடுத்துக்கொள்ளும் என்றோமன்றோ? அவ்வாறு சேவையகம் தன் நிலையான இலக்கத்தோடு இரண்டாவது இலக்கம் ஒன்றையும் பெற்றது. பெற்றதுமன்றி, தானே நடத்தும் பெயர்ச் சேவையில் அதனையுந் தன் பெயரின்கீழ்ப் பதிந்துகொண்டது. அதன்பின், சேவையகத்தின் பெயரைச் சொல்லி வழி கேட்ட கணினிகளுக்கு ஒருகால் உண்மையான வீடும் ஒருகால் படலையில் நிற்குங் காவற்கொட்டிலும் காட்டப்பட்டன. கொட்டிலைத் தட்டியவர்க்குக் கதவு திறக்கவில்லை. இலக்கத்தைச் சொன்னவர் நேரே வீட்டையடைந்தனர். தொலை அணுகலும் பெயர்ச் சேவையும் ஓரிடத்தில் நடைபெறும்போது இக்குறை எழக்கூடுமென மைக்ரோசொப்ட் நிறுவனம் நெடுங்காலத்துக்கு முன்னரே வெளியிட்டிருந்ததை யாம் அன்று பிற்பகலிலேயே கண்டோம். மருந்து சிறிது. அவ்விரண்டாம் இலக்கத்தைப் பெயர்ப் பட்டியலிற் சேர்க்காதபடி தடுத்து, பெயர்ச் சேவை நிலையான இலக்கத்தை மாத்திரம் வெளியிடும்படி அமைத்து, முன்னர்ப் பதிந்த பொய்ப் பதிவை அழித்தல் வேண்டும். காவலிடம் தனி வரிசை எழுதிவைப்பினும், அவ்வரிசையின் முதலிலக்கத்தைச் சேவையகமே எடுத்துக்கொள்ளுமாதலின், இம்மருந்து அப்பொழுதும் வேண்டப்படும்.

தனி வரிசை பற்றியும் இரண்டொன்று கூறல் தகும். அவ்வரிசை பேரேட்டின் வரிசைக்குட் புகுதலாகாது; புகின், பேரேட்டில் அதற்கு விலக்கு எழுதப்படல் வேண்டும். அன்றேல் இரு கணக்கர் ஒரே காணியை இருவர்க்கு எழுதிக் கொடுத்தவாறாம். மேலும், பாடசாலையின் இலக்கத் தொகுதி 192.168.0 அல்லது 192.168.1 எனத் தொடங்காதிருத்தல் மிக நன்று. கடையில் வாங்கும் வீட்டு வழிச்செலுத்திகளிற் பெரும்பாலானவை இவற்றிலேயே அமைந்து வருகின்றன. வீடும் பாடசாலையும் ஒரே தொகுதியாயின், ஆசிரியரின் கணினி பாடசாலைச் சேவையகத்தைத் தன் வீட்டு அடுக்களையிலேயே தேடிக்கொண்டிருக்கும். சேவையகத்தில் உள்முகம், வெளிமுகம் என இரு வலை அட்டைகள் இருப்பின், பேரேடு உள்முகத்தில் மாத்திரமே செவிகொடுத்தல் வேண்டும் என்பதும் மறக்கத்தக்கதன்று.

அங்ஙனமாயின் இரண்டையும் ஒன்றாக நடத்துவது பிழையா? பிழையென்று யாம் கூறோம். 1997 முதல் 2011 வரையான பதிப்புகளாக மைக்ரோசொப்ட் விற்ற சிறுதொழிற் சேவையகம் இப்பணிகளையும் இன்னும் பலவற்றையும் ஒரே பெட்டியில் அடக்கியதே. 2003ஆம் ஆண்டுப் பதிப்பு 75 பேர் வரை தாங்குதற்கு அமைந்தது. சுமை ஒரு பொருட்டன்று. முகவரி வழங்கல் சேவையகத்துக்கு இறகு போன்றது. அச்சம் வேறிடத்தில் உள்ளது. பேரேடு உள்ளிருப்போரோடு மாத்திரம் பேசுவது. படலையோ உலகத்தோடு பேசுவது. கடவுச்சொற்களும் புள்ளிகளும் வைத்த பெட்டியையே தெருவோரத்தில் நிறுத்துதல் நெஞ்சுக்கு ஒவ்வவில்லை. பழைய பீ.பீ.ரீ.பீ. முறையில் வாயிலமைத்தோர் இன்றும் உளர். அதன் கடவுச்சொற் பரிசோதனை 2012இல் முற்றாக முறியடிக்கப்பட்டது. 2024இல் மைக்ரோசொப்ட் நிறுவனமே அதனை எதிர்காலச் சேவையகங்களுக்கு ஆகாதது என அறிவித்தது. 443ஆம் துறையில் நடக்கும் எஸ்.எஸ்.ரீ.பீ. அல்லது ஐ.கே.ஈ. இரண்டாம் பதிப்பு கொள்ளத்தக்கவை. 2020 மார்ச்சில் லினக்ஸ் கருவிற் சேர்க்கப்பட்ட வயர்காட் என்பதும் உண்டு. அது பேரேட்டை அணுகுவதேயில்லை. ஆளுக்கோர் இலக்கத்தைக் கையால் எழுதிவைத்தல் அதன் முறை. பத்து ஆசிரியர்க்குப் பத்து வரி எழுதுதல் பெரிய வேலையன்று.

ஒன்றைப் பிரித்தெடுக்க வசதி வாய்க்குமாயின், படலையையே முதலில் வெளியேற்றி, நல்ல வழிச்செலுத்தி ஒன்றில் வைக்குக; பேரேடு இருந்த இடத்தில் இருக்கட்டும். பேரேடு ஒரு நாள் நோயுற்றாலும், முன்னர்க் குத்தகை பெற்ற கணினிகள் தவணை முடியும் வரை இயங்கிக்கொண்டிருக்கும். திருத்த அவகாசம் உண்டு.

மேற்கூறிய பாடசாலையின் வழிச்செலுத்தி பழையது. அதிற் படலை அமைத்தல் இயலவில்லை. ஆகவே இரண்டும் ஒரே பெட்டியில் நின்றன. பத்துப் பத்தாக வாங்கும் முறையை நீக்கி, 10.20.30.1 முதல் 49 வரை நிலையான கருவிகளுக்கும், 50 முதல் 199 வரை பேரேட்டுக்கும், 200 முதல் 230 வரை படலைக்கும் எனப் பகுத்தோம். அவ்வாண்டு ஒக்டோபரிற் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டபோது, புள்ளிகளை ஆசிரியர் வீட்டிலிருந்தே பதிந்தனர். பகுத்த கணக்கை ஒரு மட்டையில் எழுதிச் சேவையகத்தின் பக்கவாட்டில் ஒட்டினோம். எழுதியவன் அந்த மாணவன். அவனுடைய கையெழுத்து எம்முடையதிலும் தெளிவானது.